திருப்பிக் கேட்ட கருவி

பிரிஜெட்டுக்குக் கோபம் புதிதல்ல. கரங்கானுக்குப் பக்கத்தில், ரப்பர் பால் தரும் கித்தா மரங்களை அழித்துச் செம்பனை நட்ட ஒரு தோட்டத்தில் பிறந்தவள். பள்ளி முடித்த கையோடு கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தாள். இன்றும் அங்கேதான் இருக்கிறாள். கழிப்பறைக்குப் போவதென்றாலும் கையைத் தூக்கி அனுமதி கேட்க வேண்டும் என்று ஒருமுறை அங்கே விதி போட்டார்கள். "நான் என்னா ஒண்ணாம் வகுப்புப் புள்ளயா?" என்று மேற்பார்வையாளரைக் கேட்டுவிட்டு நேராக நடந்து போனாள். விதி மாறவில்லை. ஆனால் அவளை மட்டும் அதற்குப் பிறகு யாரும் தடுப்பதில்லை.

வாய்க்காரி என்று அவர்கள் குடியிருக்கும் தாமானில் பெயர். கணவர் மரியராஜ் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவர், சாது. அவர் பேச வேண்டியதையும் சேர்த்து இவளே பேசிவிடுகிறாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள்.

ஒரே மகள் ஜெசிகா. பத்து வயதில் அவளுக்கு இனிப்பு நீர் வந்தது. பெரியவர்களுக்கு வருகிற வகையல்ல. உடம்பு இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிடுகிற வகை. மாத்திரைக்கு அடங்காது. சாப்பிடும்போதெல்லாம் ஊசி, ஊசிக்கு முன்னால் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம். மரியராஜின் அக்கா கோவில் வாசலில் நின்றுகொண்டு, "சின்ன வயசுலேர்ந்து சாக்லெட்டா வாங்கிக் குடுத்தா வேற என்னா வரும்?" என்று நாலு பேர் கேட்கச் சொன்னாள். அன்றோடு அந்த நாத்தனாரிடம் பிரிஜெட் பேச்சை நிறுத்தினாள்.

நோயைவிட அவளைப் பயமுறுத்தியது சர்க்கரை திடீரென்று இறங்குவதுதான். பதினாலு வயதில் ஒருநாள் பள்ளிப் பேருந்தின் கடைசி இருக்கையில் ஜெசிகா சாய்ந்து கிடந்தாள். தூங்குகிறாள் என்று எல்லாரும் இறங்கிப் போய்விட்டார்கள். வண்டியைக் கூட்ட வந்த டிரைவர் தொட்டுப் பார்த்தபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, வாயோரத்தில் ரத்தம். நாக்கைக் கடித்திருந்தாள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் அதற்குப் பிறகு பிரிஜெட் வேலையில் நின்றாலும் அவள் கண், தொழிற்சாலையில் அவளுடைய பூட்டிய அலமாரியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். போன் அதற்குள் இருந்தது. உற்பத்திப் பகுதிக்குள் கொண்டு போக அனுமதி இல்லை.

அந்தச் சமயத்தில்தான் மருத்துவமனைக்கு அந்தத் திட்டம் வந்தது. வெளிநாடுகளில் எப்போதோ புழக்கத்துக்கு வந்துவிட்ட கருவிகள் இங்கே அரசாங்க மருத்துவமனையை எட்டப் பல வருஷம் ஆகிறது; அந்தத் தாமதத்தைக் குறைக்கத் தனி நிதி ஒதுக்கியிருக்கிறார்கள் என்றார்கள். முதல் கட்டத்தில் சில பிள்ளைகளுக்கு மட்டும். ஜெசிகா அதில் ஒருத்தி.

மேல்கையில் ஒரு பொத்தான் அளவுக்கு வில்லை. அதிலிருந்து முடி போல ஓர் இழை தோலுக்கடியில் போகும். சர்க்கரை எவ்வளவு, ஏறுகிறதா இறங்குகிறதா என்று கைக்குள் அடங்கும் ஒரு பெட்டி காட்டிக்கொண்டே இருக்கும். இறங்கினால் கத்தும். வில்லையை இரண்டு வாரத்துக்கொரு முறை மாற்ற வேண்டும். பெட்டி அப்படியே இருக்கும்.

தொடக்க விழாவுக்குப் பேனர் கட்டினார்கள், பெரிய மனிதர்கள் வந்தார்கள். ஜெசிகாவின் சட்டைக் கையைத் தோள் வரைக்கும் சுருட்டிவிட்டுப் படம் எடுத்தார்கள். ஒருவர் வந்து சிரிக்கச் சொன்னார், இன்னொருவர் கையை இன்னும் கொஞ்சம் திருப்பச் சொன்னார். பிரிஜெட் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கூட்டம் கலைந்ததும் தாதி சுபாஷினியைப் பிடித்து, "மிஸ்ஸி, இது எத்தன நாளைக்கு?" என்று கேட்டாள்.

"மொதல்ல ஒரு வருஷம் அக்கா. நல்லா போனா தொடரும்."

நல்லாத்தான் போயிற்று. பள்ளி மண்டபத்தில் ஒருநாள் பெட்டி கத்தியது. ஆசிரியை ஓடிப்போய் இனிப்புத் தண்ணீர் கொடுத்தார். கால் மணி நேரத்தில் ஜெசிகா எழுந்து வகுப்புக்குப் போனாள். நடந்தது அவ்வளவுதான். மயக்கம் இல்லை, ஆம்புலன்ஸ் இல்லை. ஜெசிகா வலைப்பந்து விளையாடப் போனாள். பிரிஜெட் அலமாரியைப் பார்ப்பதை மறந்தாள். அந்த வருஷம் முழுக்க அவள் யாரோடும் சண்டை போடவில்லை என்பதை மரியராஜ்தான் கவனித்துச் சொன்னார்.

வருஷம் முடிந்தது. அடுத்த தடவை மருத்துவமனைக்குப் போனபோது சுபாஷினி புது வில்லை தரவில்லை.

"முடிஞ்சிருச்சு அக்கா. மதிப்பீடு செய்றாங்க. பெட்டியத் திருப்பிக் குடுத்துருங்க."

"மதிப்பீடா? எம்புள்ள விழாம இருந்தாளே பாருங்க, அதான் மதிப்பீடு."

"எனக்குத் தெரியும் அக்கா. மேல சொல்றாங்க."

"அந்த மேல இருக்கிறவன் புள்ளைக்கி இது இருந்தா இப்பிடி ஒரே நாள்ல நிறுத்துவானா, கேட்டுச் சொல்லுங்க."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜெசிகா தலையைக் குனிந்துகொண்டாள். பெட்டியைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடிய பிரிஜெட், மகள் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு போன் மேல் போன். முதலில் சுபாஷினி, பிறகு யாரோ ஓர் அதிகாரி. அது அரசாங்கச் சொத்து என்றார் அவர். "வந்து வாங்கிக்குங்க, வரும்போது எம்புள்ள முகத்தப் பாத்துச் சொல்லிட்டு வாங்கிக்குங்க" என்றாள் பிரிஜெட். அவர் வரவில்லை.

வீட்டில் ஜெசிகாதான் வெடித்தாள். "குடுத்துருங்கம்மா. வில்ல இல்லாம அது சும்மா பிளாஸ்டிக் லா. இனிமே கிளினிக்குல எல்லாருக்கும் நான் சண்டக்காரி மக. அங்க போயி உக்கார்றது நீங்க இல்ல, நான்."

பெட்டி வெறும் பிளாஸ்டிக் என்று பிரிஜெட்டுக்குத் தெரியாதா? கொடுத்துவிட்டால் அந்த ஒரு வருஷமே நடக்காதது போல ஆகிவிடும். எந்தச் சத்தமும் இல்லாமல் கோப்பை மூடிவிடுவார்கள். அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து அவள் சமைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு வேன் நின்றது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் இறங்கி, வெளிக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். செர்டாங்கில் மளிகைக் கடை வைத்திருக்கும் விக்னேஸ்வரன் என்று சொன்னார். கிளினிக்கில் பார்த்த முகம்தான். அவருடைய மகன் லோகனுக்கும் இதே நோய். அடுத்த கட்டத்துக்கு அவன் பெயர் இருந்தது.

"உள்ள வாங்க தம்பி."

"உக்கார வரல அக்கா. அந்தப் பெட்டியக் குடுங்க. எல்லாப் பெட்டியும் திரும்பி வந்தாத்தான் அடுத்த புள்ளைங்களுக்குன்னு சொல்றாங்க. நீங்க ஒருத்தரு வச்சிக்கிட்டு உக்காந்திருக்கீங்க."

"யார் சொன்னா?"

"யார் சொன்னா என்னா? ஒங்க புள்ள ஒரு வருஷம் போட்டுப் பாத்துருச்சுல்ல. எம்மவன் போன வாரம் குளிக்கிற எடத்துல விழுந்து மண்டைய ஒடச்சிக்கிட்டான். ஏழு தையல். ஒங்க வீம்புக்கு அவன் சாகணுமா?"

பிரிஜெட்டின் கையில் கரண்டி இருந்தது. அவளை எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு பிள்ளையின் சாவை அவள் தலையில் இதுவரை யாரும் வைத்ததில்லை. அவள் அடுப்பை அணைத்தாள். மரியராஜ் எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவள் கையமர்த்தினாள்.

"நாளைக்கிக் காலையில நீங்களும் ஆஸ்பத்திரிக்கி வாங்க. ஒங்க முன்னாலயே குடுக்கிறேன். ஒங்க புள்ளைக்கி அதே நாள்ல மாட்டச் சொல்றேன். சரியா?"

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள். விக்னேஸ்வரன் லோகனை அழைத்து வந்திருந்தார். பையனின் நெற்றியில் கட்டு. இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் சுபாஷினியின் முகம் மாறியது.

பிரிஜெட் பெட்டியை வெளியே எடுத்தாள், ஆனால் கையிலேயே வைத்துக்கொண்டாள். "இந்தா இருக்கு மிஸ்ஸி. வில்லைய எடுத்துட்டு வாங்க. இந்தத் தம்பிக்கி இப்பயே போட்டு விடுங்க."

"அப்பிடி முடியாது அக்கா. இது மொதல்ல தலைநகருக்குப் போவணும்."

"போயி?"

"கணக்குக் காட்டணும்."

"வில்ல ஸ்டோர்ல இருக்கா இல்லயா?"

சுபாஷினி விக்னேஸ்வரனைப் பார்த்தாள். "இல்ல" என்றாள். "அடுத்த கட்டத்துக்கு இன்னும் காசே வரல. எப்ப வரும்னு எங்களுக்கும் தெரியாது."

விக்னேஸ்வரனின் குரல் உயர்ந்தது. "அப்ப எதுக்கு இந்தக்கா மேல பழியப் போட்டீங்க?"

"நான் யார் மேலயும் பழி போடல அண்ணே. எல்லாக் கருவியும் திரும்பினாத்தான் அடுத்ததுன்னு எனக்குச் சொன்னாங்க, நான் ஒங்களுக்குச் சொன்னேன். தெனம் ரெண்டு பக்கமும் நாந்தான் பேச்சு வாங்குறேன்." அவள் கண் கலங்கியிருந்தது. பிரிஜெட்டுக்கு அதைப் பார்த்து இரக்கம் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று பின்னொரு நாள் மரியராஜிடம் சொன்னாள், ஆனால் அன்றைக்கு வரவில்லை.

"கேட்டீங்களா தம்பி?" என்று அவள் விக்னேஸ்வரன் பக்கம் திரும்பினாள். "காசே இல்லயாம். நம்மள ஒருத்தர் மேல ஒருத்தர ஏவி விட்டுட்டு இவங்க ஏர்கோன்ல உக்காந்திருக்காங்க. வாங்க, ரெண்டு பேரும் டைரக்டரப் பாப்போம்."

அவர் வருவார் என்றுதான் நினைத்தாள். விக்னேஸ்வரன் மகனின் தலைக் கட்டைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, பிரிஜெட்டின் விரல்களுக்கிடையிலிருந்து பெட்டியை எடுத்து, சுபாஷினியின் மேசையில் வைத்தார்.

"எம்மவன் பேரு இன்னும் அங்க இருக்கு அக்கா. நான் இவங்ககிட்டதான் வந்தாகணும்."

பிடுங்கவில்லை. அவள் இறுக்கிப் பிடித்திருந்தால் அவரால் எடுத்திருக்க முடியாது. ஏன் விட்டோம் என்று மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் வழி முழுக்க அவள் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள். டைரக்டரை அன்று தனியாகப் பார்க்க முயன்றாள். கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். அதற்குப் பிறகும் இருமுறை போனாள். மூன்றாவது முறை அவர் வந்து, அவள் சொன்னதையெல்லாம் பணிவாகக் கேட்டார். நிதி அவர் கையில் இல்லை என்றார்.

ஜெசிகா மறுபடி விரலில் குத்திக்கொண்டாள். வலைப்பந்தை நிறுத்தினாள். பிரிஜெட் மறுபடி அலமாரியைப் பார்க்கத் தொடங்கினாள்.

அடுத்த ஆண்டு நடுவில் திட்டம் வேறு பெயரில் திரும்பி வந்தது. இந்த முறை பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும். ஜெசிகாவுக்குப் பதினாறு ஆகியிருந்தது. லோகனுக்குக் கிடைத்தது என்று பிரிஜெட் கேள்விப்பட்டாள்.

கூலிம் பாசாரில் ஒரு காலை, மீன் வாங்கிக்கொண்டிருந்தவள் அவர்களைப் பார்த்தாள். பையனின் மேல்கையில் வில்லை. விக்னேஸ்வரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நாலெட்டு நடந்தார், பிறகு நின்றார், திரும்பி வந்தார். வணக்கம் சொல்லவில்லை.

"வேர்வையில கழண்டு கழண்டு விழுவுது. நீங்க என்னா பண்ணீங்க?"

பதில் சொல்லாமல் போய்விடத்தான் அவளுக்கு ஆசை. பையன் கையிலிருந்த வில்லையின் ஒரு விளிம்பு தூக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள்.

"குளிச்சதும் ஒட்டாதீங்க. நல்லா காயட்டும். சாயங்காலம் வெளயாடப் போறப்ப மேல ஒரு துணிப் பட்டி சுத்தி விடுங்க. ரொம்ப இறுக்காதீங்க."

அவர் தலையாட்டினார்.

"ஒரு வருஷம்தான், தெரியும்ல?" என்றாள் பிரிஜெட். "அதுக்குள்ள கேளுங்க. இப்பயே போயிக் கேளுங்க. நல்ல பேரக் காப்பாத்திக்கிட்டு நின்னீங்கன்னா இவன் கையிலயிருந்தும் கழட்டிருவாங்க. அப்ப என் வீட்டு வாசல்ல வந்து கத்தாதீங்க."

மீன்காரர் நீட்டிய பையை வாங்கிக்கொண்டு அவள் மோட்டாரை நோக்கி நடந்தாள்.