கம்பியைத் தாழ இறக்கியவன்

ஒரு வாட் ரேடியோவில் பிரேசிலைத் தொட்டேன் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டது பொய். அந்தப் பொய்யால் ஒரு நண்பனை இழந்தேன். அதற்கப்புறம் இன்னொரு பொய்யும் சொன்னேன். அதை அவன் செத்த அன்றைக்கு, அவன் மனைவியின் முகத்தைப் பார்த்தே சொன்னேன். இரண்டையும் இங்கே எழுதி வைக்கப்போகிறேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது வீட்டில், கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். பொய்யும் வரும் என்பது இவ்வளவு நாள் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷின் மெக்கானிக். அவன் குடியாத்தத்தில் நான்கு விசைத்தறி போட்டு லுங்கி ஓட்டினவன். எங்களைச் சேர்த்தது அமெச்சூர் ரேடியோ. அரசாங்கத்திடம் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, வீட்டிலிருந்தே உலகத்தோடு பேசுகிற பைத்தியம் அது. சென்னையில் பரீட்சை எழுதப்போன இடத்தில், புள்ளியும் கோடுமாகத் தட்டிப் பேசுகிற மோர்ஸ் பகுதியில் இரண்டு பேரும் ஒன்றாகத் தோற்றோம். திரும்பி வந்த பஸ்ஸில் தோல்வியைத் தீர்த்துக்கொள்ள முன் சீட்டுக் கம்பியில் மோதிரத்தால் தட்டிப் பழகிக்கொண்டே வந்தோம். வாலாஜா தாண்டியதும் முன் சீட்டுக்காரர் திரும்பி, "இன்னாபா, ரெண்டு பேரும் சேந்து பேஜார் பண்றீங்களே" என்றார். அடுத்த முறை இருவரும் பாஸ். அன்றிலிருந்து அவன் எனக்கு தோஸ்த், நான் அவனுக்கு தோஸ்த்.

எங்களுக்குப் பிடித்தது குறைந்த சக்தி. வசதியுள்ளவர்கள் நூறு வாட், நானூறு வாட் என்று அடிப்பார்கள். நாங்கள் ஒரே ஒரு வாட். படுக்கையறையில் எரிகிற ஜீரோ வாட் பல்பு அதைவிட ஜாஸ்தி குடிக்கும். சோப்புப் பெட்டி அளவு ரேடியோ, ஒரு பைக் பேட்டரி, மாடியில் கட்டிய செம்புக் கம்பி, தட்டுவதற்கு ஒரு கீ. இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து பதில் வாங்கிய அன்று நான் சமையலறை வரைக்கும் ஓடினேன். என் மனைவி தோசையைத் திருப்பிக்கொண்டே, "அந்த ஆஸ்திரேலியாக்காரரு வந்து நமக்கு தண்ணி கேன் தூக்கிக் குடுப்பாரா?" என்றாள்.

இந்த விளையாட்டில் ஒரு விதி உண்டு. நீ எனக்கு எப்படிக் கேட்டாய் என்பதை நான் மதிப்பெண் போட்டுச் சொல்ல வேண்டும். நான் உனக்கு எப்படிக் கேட்டேன் என்பதை நீ சொல்ல வேண்டும். இரண்டு பேரின் கால் சைனும், அதாவது லைசென்ஸில் இருக்கிற அந்த எழுத்தும் எண்ணும், பிழையில்லாமல் போய்ச் சேர வேண்டும். அப்போதுதான் அது தொடர்பு. பாதி கேட்டால் கணக்கில் சேராது. பார்க்கிறதற்கு யாரும் கிடையாது. அவரவர் லாக் புத்தகத்தில் அவரவரே எழுதிக்கொள்வதுதான்.

இன்னொரு விஷயம், இது தெரியாவிட்டால் மற்றது புரியாது. கம்பியை உயரத்தில் கட்டினால் அலை சாய்வாகக் கிளம்பி, வானத்து மேலடுக்கில் பட்டு, ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் போய் இறங்கும். நடுவில் இருக்கிற ஊர்களுக்கு ஒன்றுமே கேட்காது. அதே கம்பியைத் தாழ இறக்கி, ஏழு மெகாஹெர்ட்ஸுக்கு வந்தால், அலை நேரே மேலே போய் சுற்றுவட்டாரத்திலேயே விழும். தோட்டத்தில் ஹோஸ் பைப்பைச் சாய்த்துப் பிடித்தால் தண்ணீர் தூரத்து வாழைக்குப் போகும், நிமிர்த்திப் பிடித்தால் நம் தலையிலேயே கொட்டும், அந்த மாதிரி. ஆம்பூருக்கும் குடியாத்தத்துக்கும் நடுவில் மலை. உயரக் கம்பியில் நான் ஆஸ்திரேலியாவுக்குக் கேட்பேன், அவனுக்குக் கேட்க மாட்டேன். எங்களுக்குள் பேசுவதற்கு மட்டும் கம்பியை இறக்குவோம்.

அதற்கும் நாள் பார்க்க வேண்டும். தறி மோட்டார்கள் ஓடினால் அவன் ரேடியோவில் இரைச்சலைத் தவிர வேறெதுவும் கேட்காது. அதனால் குடியாத்தத்தில் மாதம் ஒருமுறை பராமரிப்புக்காக கரண்ட் நிறுத்துகிற நாள்தான் எங்களுக்குப் பண்டிகை. ஊரே விசிறிமட்டையோடு கரண்ட்காரர்களைத் திட்டிக்கொண்டிருக்கும்போது அவன் பேட்டரியைப் போட்டுக்கொண்டு உட்காருவான். நான் கம்பெனியில் லீவு சொல்லிவிடுவேன். சரியாகப் பத்து மணிக்கு முதலில் அவன் கூப்பிட வேண்டும் என்பது ஏற்பாடு. என்ன பேசினோம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. நூல் விலை, அவன் மகளின் மார்க், என் சூப்பர்வைசரின் அட்டகாசம். எல்லாம் ஒவ்வொரு எழுத்தாக.

பிரேசில் விஷயம் ஒரு சாயங்காலம் நடந்தது. வேலை முடிந்து வந்து ஷூ பசை நாற்றம்கூடப் போகாத கையோடு உட்கார்ந்தேன். பிரேசில் நிலையம் ஒன்று நல்ல பலத்தோடு கேட்டது. என் கால் சைனைத் தட்டினேன். அவர் என் எழுத்துகளைத் திருப்பி அனுப்பினார், கடைசி எழுத்து இல்லாமல். மறுபடி தட்டினேன். அதற்குள் சிக்னல் தேய்ந்து, இரைச்சலுக்குள் போய்விட்டது. அவ்வளவுதான் நடந்தது. நான் லாக் புத்தகத்தில் முழுத் தொடர்பு என்று எழுதினேன். அவர் கொடுக்காத மதிப்பெண்ணை நானே போட்டுக்கொண்டேன். எப்படியும் கேட்டிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வேலூரில் எங்கள் சங்கத்துக் கூட்டத்தில் சால்வை போர்த்தினார்கள். ஒரு வாட், பிரேசில் என்று கைதட்டினார்கள். அவனும் கைதட்டினான். கூட்டம் முடிந்து பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது மெதுவாகச் சொன்னான்.

"தோஸ்த், அன்னிக்கு தறி நிறுத்தியிருந்துச்சு. நானும் கேட்டுக்கினு இருந்தேன். உன் சிக்னல் எனக்கு வராது, ஆனா அவரு வந்தாரு. 'மறுபடி, மறுபடி'ன்னு மூணு தடவ உன்ன கேட்டாரு. கடைசி எழுத்து அவருக்குக் கெடைக்கவே இல்ல. அப்புறம் வேற ஆளுக்குப் போய்ட்டாரு."

நான் டீயை ஊதி ஊதிக் குடித்தேன்.

"நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். நீயே சொல்லிடு. ஒண்ணும் கொறஞ்சிட மாட்ட."

அவன் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அதனால்தான் எனக்கு வெறி வந்தது. சால்வை இன்னும் என் தோளில் இருந்தது. சங்கத்து ஆட்கள் நாலைந்து பேர் பக்கத்திலேயே நின்றிருந்தார்கள். எல்லோரும் கேட்கும்படி, "உனக்கு வயித்தெரிச்சல். லுங்கி நெய்யறவன் லுங்கி நெய்யற வேலய பாரு" என்றேன். அவன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "சரி, வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு குடியாத்தம் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான். நான் ஆம்பூர் வந்து சேர்வதற்குள் அவன் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். சங்கத்து வாட்ஸப் குழுவிலிருந்தும் வெளியேறிவிட்டேன். போகும்போது கதவைச் சாத்திக்கொண்டு போகிற குணம் எனக்கு.

மூன்றாம் மாதம், குடியாத்தத்தில் கரண்ட் இல்லாத நாள். சண்டை போட்டாலும் பழக்கம் விடவில்லை, லீவு போட்டிருந்தேன். தூரத்து நாடுகளைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு, கம்பியைத் தாழ இறக்கிவிட்டு, சும்மா ஏழு மெகாஹெர்ட்ஸ் பக்கம் திருப்பினேன். பத்து மணி. அவன் கை.

மோர்ஸ் தட்டுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கை உண்டு, நடையை வைத்து ஆளைச் சொல்கிற மாதிரி. அவன் கடைசிக் கோட்டைக் கொஞ்சம் இழுத்து முடிப்பான். என் கால் சைனை மூன்று முறை, அவன் கால் சைனை ஒரு முறை, பிறகு காத்திருப்பான். மறுபடி மூன்று முறை. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, என் தெருவின் இரைச்சலையெல்லாம் தாண்டி, அவ்வளவு தெளிவாக வந்தது. என் கை கீயின் மேலேயே இருந்தது. தட்டியிருந்தால் இரண்டு விநாடி வேலை. நான் தட்டவில்லை. கூப்பிடட்டும், நல்லா கூப்பிடட்டும் என்று நினைத்தேன். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு டயலைத் திருப்பிவிட்டேன். அடுத்த மாதத்திலிருந்து அந்த நாளில் லீவு போடாமல் கம்பெனிக்குப் போனேன், கேட்க வேண்டியிருக்காது என்று.

அப்படி மொத்தம் பதினொரு மாதம் ஓடியது. பிறகு ஒரு நாள் காலையில் கட்டிங் செக்‌ஷனில் நின்றுகொண்டிருந்தபோது சங்கத்து ஆள் ஒருவர் போன் செய்தார். தறியில் அறுந்த நூலை முடிபோட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டானாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார். பேர்ணாம்பட்டு வழியாகப் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.

நான் போனபோது பாடை கட்டியாகிவிட்டது. தூக்கி வாசலுக்குக் கொண்டு வந்தவர்கள் முற்றத்தில் நின்றுவிட்டார்கள். குறுக்கே ஒரு கம்பி போயிற்று. கை தூக்கினால் எட்டுகிற உயரத்தில், தறிக் கொட்டகை மூலையிலிருந்து வேப்பமரம் வரைக்கும், துணி காயப்போடுகிற கொடி மாதிரி. பாடையின் பூ வளைவு அதில் மாட்டியது.

"இன்னா கம்பி இது? வெட்டி விடுங்கப்பா" என்றார் ஒருவர். யாரோ கட்டிங் பிளேயர் எடுக்கப் போனார்.

"வெட்டாதீங்க" என்று உள்ளேயிருந்து அவன் மனைவியின் குரல் வந்தது. "அது அவரோட ரேடியோ கம்பி."

நான் சுவரில் சாய்த்திருந்த மூங்கிலை எடுத்துக் கம்பியைத் தூக்கிப் பிடித்தேன். என் கைக்குக் கீழே அவனைக் கொண்டு போனார்கள். அந்தக் கூட்டத்தில் அந்தக் கம்பி ஏன் அவ்வளவு தாழ இருக்கிறது என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதை வைத்துக்கொண்டு பிரேசிலுக்குப் போக முடியாது, எந்தத் தூர தேசத்துக்கும் சரியாகப் போக முடியாது. பக்கத்தில் இருக்கிற ஒருவனை மட்டும்தான் கூப்பிட முடியும். போன் வழியை நான் அடைத்துவிட்டேன். என்னை வந்து எட்ட அவனுக்கு மிச்சம் இருந்தது வானம் ஒன்றுதான்.

சுடுகாட்டிலிருந்து திரும்பி, குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது அவன் மனைவி என்னிடம் வந்தாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

"அண்ணா, கரண்ட் இல்லாத நாள்ல எல்லாம் உங்களக் கூப்ட்டுக்கினு இருந்தாரே. ஒரு தடவ கூட உங்களுக்குக் கேக்கலையா?"

"இல்லம்மா," என்றேன். "கேக்கவே இல்ல."

முதலில் கேட்காததைக் கேட்டதாக எழுதினேன். இப்போது கேட்டதைக் கேட்கவில்லை என்று சொன்னேன். வீட்டுக்கு வந்து மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. என் மனைவியிடமும் சொல்லவில்லை. நான்காம் நாள் லாக் புத்தகத்தை எடுத்து, பிரேசில் வரியை ஸ்கேல் வைத்து அடித்தேன். பின்னால் ஒரு பக்கத்தில் அந்த மூன்றாம் மாதத்து நாளை எழுதினேன். காலை பத்து மணி, ஏழு மெகாஹெர்ட்ஸ், அவன் கால் சைன், மிகத் தெளிவாகக் கேட்டது, பதில் அனுப்பவில்லை. சங்கத்துக்கு போன் செய்து பிரேசிலைப் பற்றிச் சொன்னேன். "விடுங்க சார், இதெல்லாம் ஒரு விஷயமா" என்றார்கள். ஒருவருக்குமே அது பெரிதாகப் படவில்லை. இதற்காகத்தான் அவனை விட்டேன் என்று நினைத்தபோது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

அடுத்த தடவை கரண்ட் நிறுத்துகிற நாளைப் பார்த்துக் குடியாத்தம் போனேன். தறிகள் நின்றிருந்தன. அவள் பாவு நூலைச் சரிசெய்துகொண்டிருந்தாள். எழுந்து தண்ணீர் கொடுத்தாள். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன்.

"அன்னிக்கு உன்கிட்ட பொய் சொன்னேம்மா. ஒரு தடவ கேட்டுச்சு. அவன்தான்னு தெரிஞ்சுது. நான் வேணும்னே பதில் குடுக்கல."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் பாவு நூல் ஒன்றை விரலால் தடவிக்கொண்டே கேட்டாள்.

"தெளிவா கேட்டுச்சாண்ணா?"

"தெளிவா கேட்டுச்சும்மா. பக்கத்துல உக்காந்து தட்ற மாதிரி."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முற்றத்தில் அந்தக் கம்பி இன்னும் அப்படியே இருந்தது.

"அத மட்டும் சொல்லியிருந்தா போதும்ணா. அவரு உங்க மேல சந்தேகமே படல. கம்பி சரியில்ல, அதான் தோஸ்துக்குக் கேக்கலன்னு சொல்லிச் சொல்லி, மாசம் ஒரு மொழம் எறக்குனாரு."