குலவையிட ஆளில்லாத பொங்கல்

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஒற்றைப் பையோடு அந்தமானுக்குக் கப்பலேறி வந்து, இந்தக் கராச்சர்மாவில் பாதி வீடுகளைக் கட்டியவனும் நான்தான். யார் தயவும் எனக்கு வேண்டியதில்லை என்று சொல்லிச் சொல்லியே எழுபதைத் தாண்டிவிட்டேன்.

மனைவி இறந்தபின் வந்த முதல் பொங்கல். பிள்ளைகள் மெயின்லேண்டில் இருக்கிறார்கள். அவளைவிட நன்றாகவே வைப்பேன் என்று முற்றத்தில் அடுப்பு மூட்டினேன். பால் பொங்கி வழிந்தது. அவள் குலவையிடும் நேரம் அது. ஒற்றை ஆளாய் "பொங்கலோ பொங்கல்" என்று கத்த எனக்கு வெட்கமாக இருந்தது. பானையைப் பார்த்தபடி நின்றேன்.

பக்கத்து வீட்டு வங்காளி அம்மா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார். அவர் வீட்டு மாமரச் சருகுக்காகச் சண்டை போட்டதைத் தவிர நான் அவரிடம் பேசியதே இல்லை.

"க்யா அண்ணா, பொங்கிடுச்சே. சத்தம் எங்க?"

"சத்தம் போடறவ போய்ட்டாளேம்மா."

அவர் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு, தங்கள் பூஜையில் செய்வதுபோல நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார். என் மனைவியின் குலவை போலவே இருந்தது.

பொங்கலை இலையில் வைத்து நீட்டியபடி, தமிழ் எங்கே கற்றார் என்று கேட்டேன்.

"உங்க வீட்டு பாபிதான், அண்ணிதான் சொல்லிக் குடுத்தாங்க. ரோஜ், தினமும் சாயங்காலம், இங்கயே நின்னு."

மனைவிக்கு ஒரு தோழி இருந்தது அன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை.