வீட்டுக்கு ஒரு ஆள்

சின்னமனூரில் கேமரா மாட்டுகிற தங்கப்பாண்டி என்றால் நான்தான். இந்தப் பக்கம் உத்தமபாளையம், அந்தப் பக்கம் வீரபாண்டி வரைக்கும் வீடு, கடை, தோப்பு என்று நான் மாட்டின கேமராக்கள் முழித்துக்கொண்டிருக்கின்றன. கேமரா வாங்குகிறவர்களுக்கு ஒரு பாடமும் சும்மாவே நடத்துவேன். ஊருக்குப் போகும்போது கிரில் கதவில் பூட்டை வெளியே தெரியும்படி தொங்கவிடாதீர்கள், வீடு காலி என்று போர்டு மாட்டுகிற வேலை அது. கையை உள்ளே விட்டு உள்பக்கமாகப் பூட்டுங்கள். வாசலில் ஒரு ஜோடி ஆம்பளைச் செருப்பு கிடக்கட்டும். கொடியில் நாலு துணி காயட்டும். டிவி சத்தமாக ஓடிக்கொண்டிருக்கட்டும். இவ்வளவும் சொல்வேன். எல்லாரும் தலையை ஆட்டுவார்கள், ஒருத்தர் காதிலும் ஏறாது. காது கொடுத்துக் கேட்டது பாண்டியம்மாள் அக்கா ஒருத்தர்தான். அவரைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன். நடுவில் எனக்கு ஆத்திரம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாழை கமிஷன் மண்டி வைத்திருக்கிறாரே சுருளிராஜன், அவருடைய கூடப்பிறந்த அக்கா. ஏலத்தோட்டத்துக்குக் கூலியாட்களை ஏற்றிப் போகிற ஜீப் டிரைவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். இரண்டு வருஷம்கூட முழுசாகக் குடும்பம் நடத்தவில்லை, குமுளி மலைப்பாதையில் ஜீப் உருண்டு அந்த மனுஷன் போய்விட்டார். பிள்ளை இல்லை. ஒரு பையோடு தம்பி வீட்டுக்கு வந்த அக்கா அப்படியே அங்கே தங்கிவிட்டார். தம்பியும் தம்பி பெண்டாட்டி ஜோதிலட்சுமியும் விடிந்தால் மண்டிக்கு ஓடுகிறவர்கள். அடுப்படி, மாட்டுக்கொட்டம், துணி துவைக்கிற கல் எல்லாம் அக்கா கையில்தான். அவர்களுக்கு முல்லை என்று ஒரு பெண் பிறந்தது. பெற்றதோடு ஜோதிலட்சுமிக்கு உடம்புக்கு முடியாமல் போக, பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தது அத்தைதான். பேச்சு வந்தபோது முல்லை முதலில் சொன்னது ‘அத்த’ என்றுதான், எங்கள் தெருவுக்கே தெரியும்.

அந்த வீட்டில் ஒரு வசனம் உண்டு. விசேஷம் என்று வந்துவிட்டால் போதும், சுருளிராஜன் வாயிலிருந்து அது வரும்: “திருட்டுப்பய நடமாட்டம் சாஸ்தியா இருக்கு. வீட்டுக்கு ஒரு ஆள் இருக்கணும்ல.” அந்த ஒரு ஆள் எப்போதும் அக்காதான். முல்லைக்குக் குலசாமி கோயிலில் காது குத்தினார்கள், அக்கா வீட்டுக்குக் காவல். முல்லை பெரியவளாகி மண்டபம் பிடித்துச் சடங்கு வைத்தார்கள், அத்தை முறைக்காரி முன்னால் நிற்க வேண்டிய காரியம், அன்றைக்கும் அக்கா காவல். ஊரெல்லாம் இலையில் சாப்பிட்ட விருந்தை அக்கா ஆறிப்போனபின் தூக்குவாளியில்தான் பார்த்திருக்கிறார். ஆனால் சாவு வீடு, கருமாதி என்றால் குடும்பமே வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும், அக்காவும் கூடவே போவார். அன்றைக்கெல்லாம் திருடனுக்கு லீவு போலிருக்கிறது. இந்தக் கணக்கு எனக்கே புரிகிறது, அக்காவுக்குப் புரியாமலா இருந்திருக்கும்? ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை.

போன தை மாதம் முல்லைக்குக் கல்யாணம் நிச்சயமானது. தேனியில் பெரிய மண்டபம். சுருளிராஜன் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆளுயரத்துக்கு ஃப்ளெக்ஸ் வைத்தார். தேதி, நேரம், மண்டபம், அழைப்பவர் விலாசம் எல்லாம் அதில் கொட்டை எழுத்தில். எந்த நாள், எத்தனை மணிக்கு வீடு காலியாக இருக்கும் என்று திருடனுக்கும் பத்திரிகை வைத்துவிட்டீர்களே அண்ணே என்றேன். அதற்கு முந்தின வாரம்தான் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்காரர்கள் சனிக்கிழமை குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போய்விட்டு வருவதற்குள் திருடர்கள் பீரோவைக் காலி செய்திருந்தார்கள். மனுஷன் ஆடிப்போனார். மறுநாளே கேமரா மாட்டச் சொன்னார்.

ஏணியில் நான் நிற்க, அக்கா கீழே பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். ராத்திரி தெரியுமா? தெரியும். தேனியில் இருந்துகொண்டே பார்க்கலாமா? துபாயில் இருந்துகூடப் பார்க்கலாம். யாராவது வாசலில் கால் வைத்தால்? போனில் மணி அடிக்கும், போனில் பேசினால் இங்கே கேமராவில் சத்தம் கேட்கும், அதட்டலாம். நான் வழக்கமாக நடத்துகிற பாடத்தையும் பூட்டு, செருப்பு, டிவி என்று ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டார். கடைசியில், கரண்டு போனால் என்ன செய்யும் என்றார். நியாயமான கேள்வி. மறுநாள் பேட்டரி வைத்துக் கொடுத்தேன். அதுவும் முடிந்தபின், சுருளிராஜன் பக்கத்தில் வந்து நிற்கும் நேரமாகப் பார்த்து அக்கா கேட்டார்.

“அப்ப இனிமே வீட்டுக்கு ஆள் வேணாம்ல தம்பி?”

வேணவே வேணாம்க்கா என்றேன். எனக்கென்ன தெரியும், யாவாரப் பேச்சு பேசுகிறேன். அக்கா தம்பி முகத்தைப் பார்த்தார். அவர் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து முல்லை ஓடிவந்து அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, நீ வந்து பக்கத்தில் நின்றால்தான் நான் தாலிக்குக் கழுத்தை நீட்டுவேன் என்று சொன்னாள். அக்கா சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். கல்யாணத்துக்கென்று அவருக்கும் ஒரு அரக்குப் பட்டு எடுத்திருந்தார்கள். அதை என்னிடம்கூடக் கொண்டுவந்து காட்டினார். பேத்தி எடுக்கிற வயசில் இருக்கிற பொம்பளை, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றார்.

கல்யாணத்துக்கு முதல்நாள் சாயங்காலம் எல்லாரும் மண்டபத்துக்குக் கிளம்ப வேன் வந்து நின்றது. சுருளிராஜன் போனில் கேமரா தெரியும்படி செய்து கொடுக்க நானும் போயிருந்தேன். அக்கா பையோடு வேன் பக்கத்தில் நின்றார். சுருளிராஜன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், என்ன இருந்தாலும் மிசின்தானே, கரண்டு போனால் குருடு, இந்த ஒரு தடவை மட்டும் இருந்துக்க என்று. பேட்டரி இருக்கிறதே என்றார் அக்கா. நெட்டு போனால்? அக்கா என்னைப் பார்த்தார். நெட்டெல்லாம் போகாதுண்ணே என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. நாளைக்குக் காலையில் யாரையாவது இருக்க வைத்துவிட்டு மதினியைக் கூட்டிவர வண்டி அனுப்புகிறோம் என்றாள் ஜோதிலட்சுமி, வாய் கூசாமல். அக்கா பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் காலையில் மண்டபத்துக்குப் போனேன். வண்டி எதுவும் சின்னமனூருக்குப் போகவில்லை. மேடைக்குப் பக்கத்து அறையில் சுருளிராஜன் என்னைக் கூப்பிட்டார், போன் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது என்ன என்று பார் என்றார். பார்த்தேன். வாசலில் அக்கா. அரக்குப் பட்டு, எண்ணெய் வைத்து வாரின தலை, கையில் சாவி. வண்டி வருமென்று பார்த்துப் பார்த்து, தானே பஸ் ஏறிவிடலாம் என்று கிளம்பிவிட்டார். கிரில் கதவில் கையைவிட்டு உள்பக்கமாகப் பூட்டிக்கொண்டிருந்தார், நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே. சுருளிராஜன் போனைப் பிடுங்கி, பேசுகிற பொத்தானை அழுத்தினார்.

“அக்கா, எங்க கெளம்பிட்ட? கதவத் தொறந்து உள்ள போ.”

அக்கா திடுக்கிட்டு நாலு பக்கமும் பார்த்தார். பிறகுதான் நிமிர்ந்து கேமராவைப் பார்த்தார். அதட்டலாம் என்று நான் சொன்னது திருடனைத்தான். அந்தக் கேமராவில் முதல்முதலாக அதட்டு வாங்கினது அந்த வீட்டு அக்கா. அறையில் ஏழெட்டு சொந்தக்காரர்கள் இருந்தார்கள், சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அக்கா குரல் நிதானமாக வந்தது.

“எல்லாம் நல்லாப் பூட்டிட்டேன் ராசு. ஒரு ஓரமா நின்னு பாத்துட்டு வந்துர்றேன்.”

இந்த நேரத்தில் வீட்டைப் போட்டுவிட்டு வருவாயா, திருடன் வந்தால் என்ன செய்வது என்று இவர் கத்தினார். அக்கா கேமராவை நேராகப் பார்த்துக் கேட்டார்.

“நெசத்தச் சொல்லு. திருடனுக்கு பயப்படுறியா, எனக்கு பயப்படுறியா?”

சுருளிராஜன் சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். குரலை இறக்கிக்கொண்டார்.

“முகூர்த்த நேரம்க்கா. சம்பந்தகாரக எல்லாம் வந்துட்டாக, பாத்தா என்ன நெனப்பாக? ஒனக்கே தெரியாதா?”

“தெரியும்டா,” என்றார் அக்கா. “நீ திருடன்னு சொல்லுவ, நானும் திருடன்னே நெனச்சுக்கிருவேன். இத்தன வருசம் அப்படித்தான் ஓடுச்சு. அந்தப் பொய்யயாவது எனக்கு விட்டு வச்சிருக்கலாம்ல.”

கிரில் கதவைத் திறந்து உள்ளே போய்விட்டார். திரையில் வெறும் வாசல்தான் தெரிந்தது. எனக்கு நாலு வார்த்தை வாய்வரைக்கும் வந்தது, கல்யாண வீடாச்சே என்று முழுங்கினேன். சுருளிராஜன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு போனை என் கையில் கொடுத்தார். இந்த மணி தாலி கட்டும்போது அடித்துத் தொலையும், அமத்திவிடு என்றார். அமத்தினேன். கொஞ்சநேரத்தில் முல்லையை மேடைக்குக் கூட்டிவந்தார்கள். அத்தை எங்கேப்பா என்று அவள் கேட்டது என் காதில் விழுந்தது. வீட்டுக்கு ஒரு ஆள் வேணும்லம்மா என்றார் சுருளிராஜன். பிள்ளை ஒரு நிமிஷம் நின்றாள். மேளம் வேகமெடுத்தது, யாரோ தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள், உட்கார்ந்தாள். கழுத்தையும் நீட்டினாள். அவளை மட்டும் சொல்லி என்ன செய்ய, அந்த வீட்டுப் பிள்ளைதானே. நான் சாப்பிடாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்று மணி சுமாருக்கு சுருளிராஜன் போன் செய்தார். பொண்ணு மாப்பிள்ளையை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஊருக்கு வந்திருக்கிறார்கள். அக்கா கதவை உள்ளே பூட்டிக்கொண்டு திறக்க மாட்டேன் என்கிறாள், உள்ளே டிவி அலறுகிறது, கூப்பிட்டால் பதில் இல்லை, கேமராவில் ஏதாவது தெரிகிறதா வந்து பார் என்றார். போனேன். தெருவே கூடியிருந்தது. நல்ல நாளில் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறாளே என்று கரித்துக்கொட்டிக்கொண்டிருந்த ஜோதிலட்சுமிக்கு நேரம் ஆக ஆக வேறு பயம் வந்துவிட்டது, மதினி ஏதாவது பண்ணிக்கொண்டாரோ என்று அழ ஆரம்பித்தாள். சுருளிராஜன் கிரில்லைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்.

நான் வாசலைப் பார்த்தேன். ஒரு ஜோடி ஆம்பளைச் செருப்பு ஒழுங்காகக் கிடந்தது. கொடியில் நாலு துணி காய்ந்தது. கிரில்லின் உள்பக்கம் பூட்டு. கேமராப் படம் பதிவாகிற ரெக்கார்டர் பெட்டியைப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

அக்கா உள்ளே இல்லண்ணே, மாத்துச் சாவி இருந்தால் திறங்கள் என்றேன். ஜோதிலட்சுமி பையைக் கொட்டித் தேடிச் சாவியை எடுத்தாள். உள்ளே போனதும் புருஷனும் பெண்டாட்டியும் முதலில் ஓடினது பீரோவுக்கு. நகை இருந்தது, வெள்ளிச் சாமான் இருந்தது, ஒரு குண்டுமணிகூடக் குறையவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டியிருந்தது. அரக்குப் பட்டு மடித்து நாற்காலியில் வைத்திருந்தது, அதன்மேல் வீட்டுச் சாவி.

ரெக்கார்டர் பெட்டியில் பதிவானதை ஓட்டினேன். தாலி கட்டுகிற நேரம்தான். அக்கா பழைய நூல்சேலையில் ஒரு பையோடு வெளியே வந்தார். வந்தவர் நேராகக் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து பையைத் தரையில் கவிழ்த்தார். இரண்டு சேலையை ஒவ்வொன்றாக உதறிக் காட்டினார். உள்பாவாடையைக்கூட உதறிக் காட்டினார். புருஷனுடைய டிரைவிங் லைசென்ஸைத் தூக்கிப் பிடித்தார். அவர் படம் என்று அக்காவிடம் இருந்தது அது ஒன்றுதான். பிறகு காதுத் தோட்டைத் தொட்டு, “இது எங்காத்தா போட்டது,” என்றார். வெறும் பையைத் திருப்பி ஒரு தட்டுத் தட்டினார். எல்லாவற்றையும் திரும்ப அடுக்கினார். டிவிச் சத்தம் வெளியே வருகிறதா என்று காது வைத்துப் பார்த்து, உள்ளே போய் இன்னும் கொஞ்சம் கூட்டிவிட்டு வந்தார். கையை உள்ளே விட்டுப் பூட்டை அமுக்கினார். செருப்பை நேராகத் திருப்பி வைத்தார். தெருவில் இறங்கி, தேனி பஸ் நிற்கிற பக்கம் போகாமல், எதிர்த்திசையில் கம்பம் பஸ் நிற்கிற பக்கமாக நடந்தார், திரும்பிப் பார்க்கவில்லை.

படம் ஓடி முடிந்தது. சுருளிராஜன் வேட்டி முனையைப் பிசைந்துகொண்டிருந்தார். அழப்போகிறார் என்றுதான் நினைத்தேன், என் மனசுகூட ஒரு நிமிஷம் இளகியது. அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பெண்டாட்டி பக்கம் திரும்பினார்.

“நாளைக்கு மாப்ள வீட்டு விருந்துக்கு எல்லாரும் போகணுமே. இங்கன வீட்டுக்கு யாரு இருக்கா?”

பிறகு அவர் என்னைப் பார்த்தார். ஒருநாளைக்கு மட்டும் இருக்கிற மாதிரி நம்பிக்கையான ஆள் யாராவது இருந்தால் சொல்லுப்பா என்றார்.

“அதான் கேமரா இருக்குல்லண்ணே,” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.