மடியில் வைத்த சீர்த்தட்டு

உலகச் சண்டைக்காலத்தில் என் மச்சினன் வெள்ளைக்காரனை எதிர்த்து மறியலுக்குப் போய்ச் சிறையில் இருந்து வந்தான். வந்தவனைச் சும்மா விடவில்லை. கம்பம் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, காலையும் மாலையும் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவு. மீறினால் விசாரணை கிடையாது. பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்து, எந்த ஊர்ச் சிறைக்கு வேண்டுமானாலும் அனுப்பிவிடலாம். என் மனைவிக்கு உடன்பிறந்தவன் அவன் ஒருவன்தான். என் மகளுக்குத் தாய்மாமனும் அவன்தான்.

மகளுக்கு ஐந்து வயது நடந்தது. பால்குடி மாறாத வயதில் அவளுக்குக் காய்ச்சல் கண்டபோது, குச்சனூர்ச் சனீஸ்வரன் சந்நிதியில் காது குத்துவதாக நேர்ந்திருந்தேன். எங்கள் ஊரிலிருந்து குச்சனூர் கூப்பிடு தூரம். கம்பத்திலிருந்து வருவதென்றால் உத்தமபாளையம், சின்னமனூர் எல்லாம் தாண்டி வர வேண்டும்.

காதுகுத்துக்கு மட்டும் ஒரு நாள் அனுமதி கேட்டு நானே ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி வெற்றிலையை மென்றுகொண்டே, "சாவுன்னாலே யோசிக்கணும். காதுகுத்துக்கெல்லாம் உத்தரவு கெடையாது. வேணும்னா இனிமே எந்த மறியல் சோலிக்கும் போக மாட்டேன்னு எழுதிக் குடுக்கச் சொல்லும்" என்றார். எழுதிக் கொடுக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். அதை அவனிடம் கேட்கவும் வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி ஒரு வழி சொன்னாள்.

"அவன் வர முடியாட்டி என்ன? நாம பிள்ளையத் தூக்கிட்டு அங்கன போவோம். அவன் வீட்லயே மடியில வச்சுக் குத்திட்டு வந்துருவோம். சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிருவோம்."

"சீர் கேட்டு மச்சினன் வாசல்ல போய் நிக்கச் சொல்றியா?" என்றேன்.

எங்கள் பக்கத்தில் தாய்மாமன்தான் சீர் எடுத்துக்கொண்டு வருவான். பெண் எடுத்தவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவன் வாசலுக்குப் போவதில்லை. போனால் அதற்குப் பெயர் வேறு. ஊரில் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயம் எனக்கு. அதோடு, நேர்ந்துகொண்ட இடத்தை மாற்றினால் சாமிக்குக் குறை வைத்ததாகும் என்றும் சேர்த்துச் சொன்னேன். சாமியை நான் இழுத்தது என் கௌரவத்துக்குத் துணையாகத்தான். அது எனக்கு அப்போதே தெரியும்.

நான் சொன்னது எப்படியோ கம்பத்துக்குப் போய்விட்டது. "மச்சானை யோசிக்க வேண்டாம்னு சொல்லுங்க, நான் வாரேன்" என்று அவனிடமிருந்து பதில் வந்தது. காலைக் கையெழுத்தைப் போட்டுவிட்டுக் கரியில் ஓடுகிற பஸ்ஸில் ஏறினால், மாலைக் கையெழுத்துக்குள் திரும்பிவிடலாம் என்று அவன் கணக்கு. வர வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. ஆசாரியிடம் போய் நாள் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தச் சனிக்கிழமை கோயிலில் எள் விளக்கு ஏற்றி, காகத்துக்குச் சோறு வைத்தோம். வைத்த உடனே காகம் எடுத்தது. மனசு குளிர்ந்துபோய், எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். ஆசாரி ஊசியையும் கம்பியையும் எடுத்து வைத்துவிட்டார். மணையில் உட்கார மாமன் இல்லை. வெயில் ஏறியது. பந்திக்கு வந்தவர்கள் பசியில் முணுமுணுத்தார்கள்.

கடைசியில், அவனோடு பஸ் ஏறிய என் மனைவியின் சின்னாத்தா மட்டும் வந்து சேர்ந்தாள். அவள் இடுப்பில் சீர்த்தட்டு. தேங்காய், பழம், அச்சுவெல்லம், பட்டுப் பாவாடை, தோடு, எல்லாம் கலையாமல் இருந்தன. தட்டை என் காலடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"பிடிச்சிட்டாக" என்றாள்.

அவளே சொன்னாள்.

"கதரை அவுத்து வச்சிட்டு மில்லு வேட்டி கட்டிக்கிட்டுத்தான் வந்தான். நெத்தி நெறையத் துண்ணூறு. பாத்தா கோயிலுக்குப் போற ஆளு கணக்காத்தான் இருந்தான். பாளையத்துப் பாலத்துல பஸ்ஸ மறிச்சாக. ஒரு போலீஸ்காரன் உள்ள வந்தான். 'எங்க போறீக'ன்னான். 'குச்சனூருக்கு வெளக்குப் போட'ன்னேன். 'தட்டு யாருது'ன்னான். 'எந்தட்டுதாய்யா'ன்னேன். சிரிச்சான் பாவி. 'ஆத்தா, எனக்கும் மூணு அக்கா இருக்காக. சீர்த்தட்ட எவன் மடியில வச்சிருக்கானோ அவந்தான் தாய்மாமன். அத எதுக்கு மறைக்கிறீக? எந்திரி தம்பி, எந்த ஊரு நீயி'ன்னான்."

"நீ வாங்கி வச்சிருக்கக் கூடாதா சின்னாத்தா?" என்று என் மனைவி கேட்டாள்.

"பாலத்துக்கு முன்னாலயே கேட்டேன்டி. 'ஏலே, தட்ட எங்கிட்டக் குடுத்துட்டு ஓரமா ஒக்காரு'ன்னேன். 'அடுத்தாளு கையில போனா அது சீரா சின்னாத்தா, மச்சான் மொறைக்குக் கொறை சொல்வாக'ன்னுட்டான்."

பிறகு என்னைப் பார்த்தாள். "எறங்கும்போது உங்களுக்கு ஒரு சேதி சொல்லச் சொன்னான். சீரு வந்துருச்சுன்னு மச்சான்கிட்டச் சொல்லிருங்கன்னான்."

கதரைத் தவிர வேறு துணி உடுத்தாதவன் அவன். சிறைக்குள் கதர் உடுப்புக் கேட்டுப் பட்டினி கிடந்தவன். என் முறைமைக்காக அதையும் அவிழ்த்து வைத்துவிட்டு வந்திருக்கிறான். நான் எதிர்பார்த்தபடியே சீர் என் காலடிக்கு வந்து சேர்ந்துவிட்டது.

என் பங்காளி ஒருவர், "முகூர்த்தம் தவறுது. ஒண்ணு விட்ட மாமன் யாராச்சும் மடியில வச்சுக்கிருங்கப்பா" என்றார். என் மனைவி பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"எந்தம்பி உசுரோட இருக்கான்" என்றாள். அதற்கு மேல் யாரும் வற்புறுத்தவில்லை. சமைத்த சோறு வீணாகக் கூடாது என்று பந்தி மட்டும் நடந்தது. நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன். பாயசம் கூட வாங்கிக்கொண்டேன். இதை எழுதும்போது முகத்தைத் துண்டால் மூடிக்கொள்ளத் தோன்றுகிறது.

அவனை வடக்கே எங்கோ தூரத்துச் சிறைக்கு அனுப்பிவிட்டார்கள். மகள் மூளிக்காதோடு வளர்ந்தாள். மற்றப் பிள்ளைகள் கேலி செய்தால் அழுதுகொண்டு என்னிடம்தான் வருவாள். என் மனைவி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அந்தப் பாவாடையைப் பெட்டியில் மடித்து வைத்தாள், அவ்வளவுதான். நான் தினமும் திருநீறு பூசிக்கொண்டு சாமி முன்னால் நிற்பேன். கேட்பதற்கு ஒன்றும் தோன்றாது.

மகளுக்கு ஏழு வயதானபோது அவனை விட்டார்கள். மறுபடியும் அதே உத்தரவு: கம்பத்தைத் தாண்டக் கூடாது.

சேதி வந்த அன்று மனைவி அடுப்படியிலிருந்து கேட்டாள். "இப்பவும் அவனே வரட்டும்னு சொல்லப் போறீகளா?"

நான் போய் மாட்டை வண்டியில் பூட்டினேன்.

கம்பத்தில் அவன் வீட்டு வாசலில் வண்டி நின்றதும், தெருவில் நின்றவர்கள் பார்த்தார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். அவன் வெளியே வந்தான். கன்னம் ஒட்டி, தலை பாதி நரைத்திருந்தது. பழையபடி கதர் வேட்டி. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"என்ன மச்சான், சீர் கேட்டு வந்தீகளா?"

தெருவே கேட்டிருக்கும். எங்கள் பக்கத்தில் இதைவிடப் பெரிய ஏளனம் கிடையாது. அவன் விளையாட்டாகத்தான் கேட்டான்.

"ஆமா மாப்ள. கேட்டுத்தான் வந்தேன்" என்றேன்.

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.

கிழக்கே பார்த்து உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டான். என் மனைவி பெட்டியிலிருந்து எடுத்து வந்த அந்தப் பட்டுப் பாவாடையைத்தான் மகளுக்குக் கட்டியிருந்தாள். கணுக்காலுக்கென்று அவன் அன்றைக்கு எடுத்த பாவாடை, கெண்டைக்காலோடு நின்றுவிட்டது. அவன் அதை இழுத்து இழுத்து விட்டுப் பார்த்தான்.

"வளந்துட்டா கழுத" என்றான்.

வண்டியில் கூட்டி வந்திருந்த ஆசாரி ஊசியை எடுத்தார். பிள்ளை மாமன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் தலையைக் குனிந்துகொண்டு வாசல் பக்கமாகவே நின்றேன்.