முதல் வரிசைக்கு மட்டும் ஜியாமெட்ரி வரும்!

இன்று மதியம் ஒரே ஆளிடம் பாராட்டும் வாங்கினேன், திட்டும் வாங்கினேன். இரண்டுக்கும் நான் பொறுப்பில்லை!

(பாராட்டு வாயோடு போனது. திட்டு மட்டும் மெமோவாக வந்தது.)

நான் பசுமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். இந்த வருடம் எங்கள் கரஸ்பாண்டன்ட் சார் ஆன்லைன் டெஸ்ட் என்று ஒன்றைக் கொண்டுவந்தார். மாதம் ஒருமுறை பிள்ளைகள் கம்ப்யூட்டர் லேபில் (செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான்!) பரீட்சை எழுதுவார்கள். மறுநாளே ரிப்போர்ட் வந்துவிடும். பாடம் வருகிறது என்றால் பச்சை, வரவில்லை என்றால் சிவப்பு. அதைப் பார்த்துத்தான் அந்த மாதம் என்ன நடத்துவது என்று நாங்கள் பிளான் எழுத வேண்டும்.

நல்ல ஐடியா என்று முதலில் கை தட்டியவளே நான்தான்.

முதல் ரிப்போர்ட்டில் வகுப்பில் பாதிக்கு மேல் ஜியாமெட்ரியில் சிவப்பு!

"டீச்சர், அல்ஜீப்ராவ ஓரமா வைங்க. ஜியாமெட்ரிய திருப்பி நடத்துங்க. செவப்பு வந்த புள்ளைகளுக்குச் சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ்" என்றார் சார்.

தொண்டை வறள நடத்தினேன். நான் போர்டில் படம் போட்டு முடிப்பதற்குள் பிள்ளைகள் விடையைச் சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டார்கள். அடுத்த டெஸ்ட்டும் வந்தது. அதே பிள்ளைகள், அதே சிவப்பு!

அதில் ஒருத்தி மீனாட்சி. (மதுரையில் ஒரு வகுப்புக்கு ஒரு மீனாட்சி போதுமா? எங்கள் வகுப்பில் இருக்கிற எல்லா மீனாட்சியும் சிவப்பு. இவள் எஸ். மீனாட்சி.) கணக்கு என்றால் சோறு தண்ணி வேண்டாம் இவளுக்கு. பிளஸ் ஒன்னில் கணக்கு குரூப்தான் என்று இப்போதே சொல்லிக்கொண்டு திரிகிறவள்.

ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்க வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினோம். அவள் அப்பா நேரே பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். கப்பலூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவர்.

"டீச்சர், ரெண்டு தடவையும் செவப்பு. வராத கணக்க வச்சு புள்ளைய எதுக்கு அம்புட்டு கஷ்டப்படுத்தணும்? பத்தாவதோட தையல்ல சேத்துவிட்டுர்றேன்."

"அண்ணே, அவ நல்லாப் போடுவாண்ணே. நான் சொல்றேன்ல?"

"நீங்க புள்ளை மேல இருக்க பிரியத்துல சொல்றீக. கம்ப்யூட்டருக்கு என்ன பிரியம்?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. இத்தனை வருடம் கணக்கு எடுத்த என் வாய்ச்சொல்லுக்கு அந்தக் கலர் பேப்பர் அளவுக்குக்கூட மதிப்பில்லை.

அன்று சாயங்காலமே மீனாட்சியை உட்கார வைத்து, அதே மாதிரிக் கேள்விகளைப் பேப்பரில் கொடுத்தேன். மடமடவென்று போட்டு நீட்டினாள். எல்லாம் சரி!

"அப்புறம் ஏண்டி டெஸ்ட்டுல தப்பாப் போட்ட?"

"எங்க மிஸ் போட்டேன்? ஜியாமெட்ரி வாரதுக்குள்ள கரண்ட் போயிருதே!"

அப்படியே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் ஏரியாவில் தினமும் காலை பத்து மணிக்குக் கரண்ட் கட். டெஸ்ட் ஆரம்பிப்பது ஒன்பதரைக்கு. ஜியாமெட்ரி கடைசிப் பகுதி. லேபில் இன்டர்நெட்டுக்கும் முதல் வரிசைக்கும் மட்டும்தான் கரண்ட் போனாலும் தாங்குகிற யூபிஎஸ் பேட்டரி இருக்கிறது. பிள்ளைகள் உட்காருவது அட்டெண்டன்ஸ் வரிசைப்படி, அதாவது ஏ, பி, சி. அனிதா, அருண், பாலாவெல்லாம் முன்னால். மீனாட்சிகள், முத்து, செல்வி, சுந்தரெல்லாம் பின்னால், இருட்டு மானிட்டருக்கு எதிரே. கரண்ட் திரும்புவதற்குள் டெஸ்ட் முடிந்துவிடும். தொடாத கேள்வி அத்தனையும் சிவப்பு!

"ஏண்டி, இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேக்கலையே மிஸ். செவப்பு வந்துருக்கு, உக்காந்து படிங்கன்னுதான சொன்னீங்க."

டெஸ்ட் நடத்துகிற லேப் சாரிடம் போனேன். "போட்ட வரைக்கும் சேவ் ஆயிருச்சு, மார்க்கும் வந்துருச்சு. அப்புறம் என்ன மிஸ்?" என்றார்.

கரஸ்பாண்டன்ட் சாரிடம் போனேன்.

"சார், டெஸ்ட்ட மத்தியானம் வைக்கலாமே?"

"காலையில ஒம்பதரைக்குத்தான் டெஸ்ட் கம்பெனிக்காரங்க சர்வர் நமக்குத் தொறக்கும்."

"அப்ப எல்லா வரிசைக்கும் யூபிஎஸ்?"

"அடுத்த வருசம் பாப்போம். புள்ளைக படிக்கலைன்னா கரண்ட்டச் சொல்லாதீங்க டீச்சர்!"

"சரி சார், இந்த ஒரு தடவை மட்டும் கடைசிப் பேருல இருந்து உக்கார வைக்கிறேன்."

"என்னமோ பண்ணுங்க."

பண்ணினேன். நேற்று ரிப்போர்ட் வந்தது. எஸ். மீனாட்சி பச்சை! செல்வி பச்சை! முத்துகூடப் பச்சை! (முத்துவுக்கு அது நிஜமாகவே வராது. அது வேறு கதை.) அனிதா, அருண், பாலா எல்லோரும் சிவப்பு.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று இன்று மதியம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

"பாத்தீங்களா டீச்சர், ஸ்பெஷல் கிளாஸ் எப்படி வேலை செஞ்சிருக்கு!" என்று எழுந்தே நின்றுவிட்டார் சார். "ஆனா வீக்கான புள்ளைகளையே பாத்துக்கிட்டு, நல்லாப் படிக்கிறதுகளக் கோட்டை விட்டுட்டீங்களே?"

"சார், கரண்ட்டு..."

"மறுபடியும் ஆரம்பிக்காதீங்க!"

மெமோ வந்துவிட்டது. நாளை முதல் அனிதா கோஷ்டிக்கு ஜியாமெட்ரி ஸ்பெஷல் கிளாஸ். அடுத்த டெஸ்ட்டுக்குப் பழையபடி அட்டெண்டன்ஸ் வரிசை. அல்ஜீப்ரா இன்னும் பாதியில் கிடக்கிறது.

சாயங்காலம் கேட்டில் மீனாட்சியின் அப்பா நின்றிருந்தார். வாயெல்லாம் பல்.

"டீச்சர், பச்சை வந்துருச்சுல்ல! கணக்கு குரூப்பே எடுக்கட்டும்."

சந்தோஷத்தில் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அதற்குள் சைக்கிளை எடுத்தவர் திரும்பினார்.

"வாரேன் டீச்சர். அடுத்த ரிப்போர்ட்டுலயும் பச்சை வந்துட்டா உறுதி பண்ணிருவோம்."

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். இங்கேயும் இப்போதுதான் கரண்ட் போனது. யூபிஎஸ் புண்ணியத்தில் என் சிஸ்டம் அணையவே இல்லை!

அதனால் மதுரை மக்களே, உங்களில் யார் வீட்டிலாவது பழைய யூபிஎஸ் சும்மா கிடக்கிறதா? அரை மணி நேரம் தாங்கினால் போதும், ஒரு பிள்ளைக்குக் கணக்கு வந்துவிடும்!