காணிக்கை வெங்காயம்

நசுங்கிய வெங்காயத்தின் வாசம். வெட்டியதன் வாசம் அல்ல, வதக்கியதன் வாசமும் அல்ல. சப்பாத்துக்கு அடியில் மிதிபட்டு, தோல் பிய்ந்து, சாறு தரையில் வழுக்கிக் கிடக்கும் வெங்காயத்தின் வாசம். ஜெர்மனியில், நாங்கள் வாழும் நொய்கெல்ன் பகுதியில், கால்வாய்க் கரைச் சந்தை கலைந்த பிறகு அது கல்பாவிய தெருவில் கிடக்கும். மற்றவர்களுக்கு அது குப்பை. எனக்கு அது ரத்தம். ஓரிடத்தில் நிற்கத் தெரியாத என் கால்கள் அங்கே இன்னும் வேகமாகும். வாசம் என்னை முந்திக்கொண்டு போய், தெரு முனையில் எனக்காகக் காத்து நிற்கும்.

என் அண்ணன் இந்த நகரத்தில் பஸ் ஓட்டுகிறவர். ஞாயிறுகளில் எங்கள் சிறிய தமிழ்ச் சபைக்குப் போதகர். ஒருமுறை குடித்திருந்த ஒருவன், டிக்கெட் கேட்டதற்காக அவர் மூக்கை உடைத்தான். அண்ணன் திருப்பி அடிக்கவில்லை. சட்டைக் கழுத்துவரை ரத்தம் வழிய, அடுத்த தரிப்பில் கதவைத் திறந்து, "இறங்குங்கோ" என்று தமிழில் சொன்னாராம். அவன் இறங்கிப் போனானாம். அன்றிலிருந்து சபையில் அவருக்கு மோசே என்று பட்டம். பூமியில் எல்லாரிலும் சாந்தமானவன் மோசேதானே. அதே மோசே ஓர் எகிப்தியனை அடித்துக் கொன்று மணலில் புதைத்தவன் என்பதைப் பட்டம் கொடுத்தவர்கள் மறந்துவிட்டார்கள்.

எகிப்தில் அடிமைகளாக இருந்தவர்களை மோசே கானானை நோக்கி நடத்திப்போன அந்த வனாந்தரக் கதையை நான் ஒருபோதும் அமைதியாக வாசித்ததில்லை. ஓய்வுநாளில் விறகு பொறுக்கியவனைப் பாளயத்துக்கு வெளியே இழுத்துப் போய்க் கல்லெறிந்து கொல்கிறார்கள். பொன் கன்றை அரைத்துத் தண்ணீரில் கரைத்து, செய்தவர்களின் வாயிலேயே ஊற்றுகிறார்கள். எதிர்த்தவர்களை நிலம் வாய் பிளந்து கூடாரத்தோடு விழுங்குகிறது. இடையிடையே வானத்திலிருந்து மன்னா என்ற இனிப்பு அப்பம். அந்த இனிப்பைத் தின்றுகொண்டே அந்த மக்கள் எகிப்தின் வெங்காயத்துக்கு அழுதார்கள். அடிமையாக இருந்த இடத்தின் வெங்காயம்! எனக்கு அவர்களைப் புரியும். நாக்குக்கு விடுதலை தெரியாது.

நாங்கள் கூடிய மண்டபம் ஒரு ஜெர்மன் தேவாலயத்துக்குச் சொந்தமானது. அவர்களுக்கு ஆள் குறைந்துவிட்டது. கட்டடத்தை விற்கப்போவதாகச் சொன்னார்கள். அண்ணன் அலைந்து திரிந்து, நகரத்தின் ஓரத்தில், அதிவேகச் சாலைக்கு அப்பால், பழைய ஓட்டுக் கிடங்கு ஒன்றைப் பிடித்தார். தரைக்கு ஒட்டும் ஓடுகள் விற்ற இடம். அங்கே போவோம் என்றார். மூப்பர் போகமாட்டேன் என்றார். மூப்பர் எங்கள் சபையின் பெரிய தூண். தெரு முனையில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தவர். ஆராதனை முடிய எல்லாருக்கும் சோறு போட்ட கை அவருடையது.

"அங்க என்ன பாஸ்டர் இருக்கு? லொறியும் காத்தும்."

"கூரை இருக்கு."

"இங்க கடை இருக்கு, யூ-பான் ரயில் இருக்கு, சனம் இருக்கு. உந்தக் காட்டுக்கு வயசு போனதுகள் எப்பிடி வாறது?"

"நான் பஸ்காரன். வழி எனக்குத் தெரியும்."

"மோசேக்கும் தெரியும் எண்டுதான் சனம் நம்பினது. நாப்பது வருசம் சுத்தினவர்."

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார், பல்லால் மட்டும்.

அன்றிலிருந்து சபை இரண்டு பக்கமாக உட்காரத் தொடங்கியது. மூப்பர் தன் கடையிலேயே தனியாகக் கூட்டம் வைப்பார் என்று பேச்சு வந்தது. அண்ணன் என் சமையலறைக் கதிரையில் வந்து இருந்து, மேசையைக் குத்தினார். தேநீர்க் கோப்பை துள்ளி விழுந்து உடைந்தது. "சபை உடைஞ்சா நான் என்னத்துக்கு? சொந்தச் சனத்தை ஒரு பஸ் தூரம் கூட்டிக்கொண்டு போக ஏலாதவன் என்ன போதகன்?" உடைந்த துண்டுகளை நான் பொறுக்கினேன். மூக்கு உடைந்தபோதும் கையை ஓங்காதவர் அவர்.

இலையுதிர் காலத்தில் எங்களுக்கு அறுப்பின் பண்டிகை. விளைந்ததைக் கொண்டுவந்து பீடத்தின் முன் படைத்து, பிறகு ஏலம் விடுவது வழக்கம். எங்களில் ஒருவருக்கும் ஒரு சாண் நிலம் கிடையாது. துருக்கிக் கடையில் வாங்கிய பூசணியையும் வெங்காய மூட்டையையும் எங்கள் விளைச்சல் என்று படைப்போம். கர்த்தர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார் என்று நினைப்பேன். பண்டிகையில் ஒரு நாடகமும் உண்டு. அந்த வருடம் அண்ணன் வனாந்தரத்தைத் தெரிந்தெடுத்தார். தாகத்தில் மக்கள் மோசேயைக் கல்லெறியப் பார்க்கும் காட்சி. தான் மோசே, முறுமுறுக்கும் கூட்டத்துக்குத் தலைவன் மூப்பர், நான் மோசேயின் அக்கா மிரியாம், கையில் சலங்கை கட்டிய தம்புரு என்ற சிறு மேளம்.

"அண்ணை, இது வேண்டாம்," என்றேன். "நெருப்புக்குப் பக்கத்தில எண்ணெயை வைக்கிறியள்."

"அவை தங்களைத் தாங்களே பாக்கட்டும்."

மூப்பரோ உடனே சம்மதித்தார். "முறுமுறுக்கிறதுதானே? எனக்கு ஒத்திகையே வேண்டாம்."

விளம்பரத் தாள்களைக் கசக்கி, சாம்பல் நிறம் பூசி, கற்கள் செய்தோம். நாடகம் தொடங்கியபோது பிற்பகல் வெயில் வண்ணக் கண்ணாடிகளைத் துளைத்து, முகங்களில் சிவப்பைப் பூசியது. அண்ணன் குளியலறை அங்கியோடு, பஞ்சுத் தாடியோடு, வீடு கூட்டும் தும்புத்தடியின் கம்பைக் கோலாகப் பிடித்து நின்றார். "எங்களை ஏன் கூட்டிக்கொண்டு வந்தனீர்? இந்தக் காட்டில சாகவோ?" என்று மூப்பர் கத்தினார். எழுதிக் கொடுத்த வசனம்தான். ஆனால் கூட்டத்துக்குள்ளிருந்து எழுதாத குரல் ஒன்று வந்தது: "ஓம், சொல்லும்! ஓட்டுக் கிடங்கில சாகவோ?"

முதல் தாள்கல் அண்ணனின் நெஞ்சில் பட்டு விழுந்தது. சிரிப்பு. இரண்டாவது முகத்தில். அதற்குப் பிறகு சிரிப்பின் நிறம் மாறியது. கைகள் பின்னால் போய் முழு வீச்சோடு வந்தன. பல வருடம் ஒரே அப்பத்தைப் பகிர்ந்தவர்கள் பல்லைக் கடித்து எறிந்தார்கள். தாள் முடிந்தது. வெறி முடியவில்லை. யாரோ ஒரு கை பீடத்தின் பக்கம் போனது. காணிக்கை வெங்காய மூட்டை வாய் திறந்து கிடந்தது. நான் தம்புருவை அடித்து, "நிப்பாட்டுங்கோ! நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினேன். அதையும் நாடகத்தின் தாளம் என்றே எடுத்துக்கொண்டார்கள். வெங்காயங்கள் பறந்தன. சுவரில் மோதிப் பிளந்தன, கண்ணாடி மெழுகுதிரித் தாங்கியைச் சிதறடித்தன, தரையில் உருண்டு கால்களுக்கு அடியில் நசுங்கின. ஒன்று அண்ணனின் இடது கண்ணில் பட்டது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. ஈரத் துணியைக் கல்லில் அறைகிற சத்தம்.

அண்ணன் கோலை ஓங்கினார்.

முதல் அடி மூப்பரின் தோளில். மூப்பர் எறியவில்லை, அவர் அப்போது கையை விரித்து மற்றவர்களை மறித்துக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன். அண்ணன் பார்க்கவில்லை, ஒரு கண் மூடிவிட்டது. இரண்டாவது அடி புருவத்தில். தோல் வாயைப் போலத் திறந்தது. மூப்பர் முழங்காலில் விழ, ரத்தம் வெங்காயத் தோல்களின் மேல் சொட்டியது. பிறகு கதிரைகள், சட்டைக் காலர்கள், முடியைப் பிடித்த கைகள், அலறல்கள். கட்டடம் பார்க்கும் ஜெர்மன்காரர் வாசலில் வந்து நின்று, தொலைபேசியை எடுத்தார்.

பொலிஸ் வந்தது. இளம் பெண் அதிகாரி வெங்காயத்தைப் பார்த்தாள், குளியலறை அங்கியைப் பார்த்தாள், ஒற்றைக் காதில் தொங்கிய பஞ்சுத் தாடியைப் பார்த்தாள். என்ன நடந்தது என்று கேட்டாள். மேசைத் துணியை நெற்றியில் அழுத்திக்கொண்டு மூப்பர் முந்தினார்: "தெயாட்டர். நூர் தெயாட்டர்." நாடகம், வெறும் நாடகம்.

"நான் அடித்தேன்," என்றார் அண்ணன் ஜெர்மன் மொழியில். "இரண்டு முறை."

"பாருங்கள்," என்றார் மூப்பர் அவளிடம், "இன்னும் நடிப்பை விடுகிறார் இல்லை."

அவள் சிரிக்கவில்லை. ஆனாலும் மூப்பர் முறைப்பாடு கொடுக்க மறுத்தார். அவர்கள் போன பிறகு அவர் அண்ணனின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "உங்கட வேலை போயிடும் எண்டுதான் சொன்னனான். மன்னிச்சிட்டன் எண்டு நினையாதேங்கோ."

அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். கண் முட்டை போல வீங்கியிருந்தது. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தேன்.

"கன்மலையோட பேசு, தண்ணி வரும் எண்டுதான் கர்த்தர் மோசேக்குச் சொன்னது," என்றார். "அவன் அடிச்சான். ரெண்டு தரம். தண்ணி வந்தது. எண்டாலும் அதுக்காக அவனை வாக்குத்தந்த கானானுக்குள்ள விடேல்லை."

"உங்களுக்கு விசர் அண்ணை. அது மோசே. நீங்கள் பஸ்காரன்."

"அவனும் ஆட்டுக்காரன்தான்."

எனக்குக் கோபம் வந்தது. அடித்தவனே நீதிபதியின் கதிரையில் ஏறி இருந்து தனக்குத் தீர்ப்பு எழுதிக்கொள்வது தாழ்மையா, இன்னொரு வகைப் பெருமையா? இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டும் விட்டேன். "பெருமை எண்டே வை," என்றார். "அதையும் கானானுக்கு வெளியிலதான் விடவேணும்."

அடுத்த நாள் மத்தியானம் அவர் மூப்பரின் கடைக்குப் போனார், நானும் போனேன். கடை நிறைய ஆட்கள். மூப்பர் தையல் போட்ட புருவத்தோடு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தி பலகையை வேகமாகத் தட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் எல்லாருக்கும் கேட்க மன்னிப்புக் கேட்டார். கத்தி நிற்கவில்லை.

"சபையை நீங்கள் எடுங்கோ," என்றார் அண்ணன். "கிடங்குக்கு நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கோ. உங்களோட வருவினம். சனம் உடையாது."

இப்போது கத்தி நின்றது. "போகமாட்டன் எண்டு நிண்டவன் நான்."

"அதாலதான். நீங்கள் போனா ரெண்டு பக்கமும் வரும்."

மூப்பர் அவருடைய வீங்கிய கண்ணைப் பார்த்தார். "நான் கூப்பிட்டா, நீரும் வருவீரோ?"

அண்ணன் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். மூப்பர் ஒரு தட்டுச் சோற்றை அவர் முன்னால் தள்ளினார். அடிப்பது போலத்தான் தள்ளினார். சோறு மேசையில் சிந்தியது. அண்ணன் சிந்தியதிலிருந்து சாப்பிடத் தொடங்கினார்.

மூப்பர் சபையைக் கிடங்குக்குக் கூட்டிப்போன முதல் ஞாயிறு, மழை கல்லாக அடித்தது. அந்த வழியில் ஓடும் பஸ்ஸை அன்று ஓட்டியவர் அண்ணன். ஞாயிற்று வேலையை எத்தனையோ வருடமாக மறுத்தவர், தானே கேட்டு வாங்கியிருந்தார். சனம் குடைகளோடும் சோற்றுப் பானைகளோடும் மேளத்தோடும் ஏறியது. இரு பக்கத்தாரும் ஒரே பஸ்ஸில் நெருக்கியடித்தார்கள். எறிந்த கைகள் எல்லாம் ஒரே கம்பியைப் பிடித்துத் தொங்கின. அண்ணன் சீருடையோடு ஸ்டியரிங்கில் இருந்தார். ஒருவரும் அவரோடு பேசவில்லை. ஆனால் ஏறிய ஒவ்வொருவரும் டிக்கெட்டையோ மாத அட்டையையோ, கேட்காமலே, அவருக்குக் காட்டிவிட்டே போனார்கள்.

அதிவேகச் சாலையைத் தாண்டினோம். லொறிகள், முள்வேலிகள், பிறகு அந்தத் தகரக் கூரை. அவர் ஒலிவாங்கியில் சொன்னார்: "கடைசித் தரிப்பு. எல்லாரும் இறங்குங்கோ." தமிழ் தெரியாத ஒரு கிழவரும் எங்களோடு இறங்கினார்.

மூப்பரும் நானும் கடைசியாக நின்றோம். மூப்பர் முன் கதவுப் படியில் ஒரு காலை வைத்து, மழையில் ஒரு காலை வைத்துத் திரும்பினார். அவர் புருவத்தில் தழும்பு இன்னும் சிவப்பாகவே இருந்தது.

"பாஸ்டர், இன்ஜினை நிப்பாட்டிப்போட்டு வாங்கோவன். ஒரு பாட்டுக்காவது."

அண்ணன் ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுக்கவில்லை. தகரக் கூரையை ஒரு தரம் பார்த்தார். உள்ளே மேளம் தொடங்கிவிட்டது.

"பஸ் திரும்பிற நேரம் வந்திட்டுது மூப்பர். கதவு பூட்டப்போறன், காலை எடுங்கோ."