நாலு சென்டிமீட்டர்

பரிபூரணத்துக்கு இடது கால் நாலு சென்டிமீட்டர் குட்டை. ஏழு வயதில், சொந்த ஊரான மகாராஜபுரத்தில் கிணற்றுப் படியில் உருண்டு விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. கட்டுப் போட்டு ஒட்டிவிட்டது. ஆனால் எலும்பு வளருகிற இடத்திலேயே அடி பட்டிருந்ததால், அதன் பிறகு வலது காலோடு சேர்ந்து இடது கால் வளரவில்லை. கல்யாணப் பேச்சு இரண்டு தடவை வந்து, அவள் நடந்து வந்து காபி கொடுத்ததும் நின்றுபோனது. அப்பா, அம்மா போன பிறகு ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் சேர்ந்து, ஒற்றை அறையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டாள்.

மில்லில் கோன் சுற்றும் மெஷின் முன்னால் எட்டு மணி நேரமும் நின்றபடி அறுந்த நூலை முடிந்துகொண்டே இருக்க வேண்டும். பதினோரு வருடம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றதில் முதுகு விட்டுப்போனது. முப்பத்தைந்து வயதில் குனிந்து குடம் தூக்க முடியவில்லை. 1993-இல் மில் தொழிலாளிகள் போகிற ஆஸ்பத்திரியில் மதுரைக்கு எழுதிக் கொடுத்தார்கள். மதுரை எலும்பு டாக்டர் முதுகைப் பார்க்கவில்லை, காலைத்தான் அளந்தார்.

"காலை நீட்டிட்டா முதுகு தன்னால சரியாகும்மா," என்றார்.

எலும்பை அறுத்து, காலைச் சுற்றி இரும்பு வளையங்கள் மாட்டி, மெல்லிய கம்பிகளை எலும்புக்குள் குறுக்கே விட்டு வளையத்தோடு முறுக்கிக் கட்டுவார்களாம். பிறகு நாளைக்கு நாலு தடவை நட்டைத் திருகினால் அறுத்த எலும்பு தினம் ஒரு மில்லிமீட்டர் விலகும். விலகின இடத்தில் புது எலும்பு ஊறி வரும்.

ஊருக்குப் போய் அண்ணன் தவசிமுத்துவிடம் சொன்னாள். அவர் வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"இந்த வயசுல நீட்டி என்ன தாயி செய்யப் போறே?"

"நிக்கணும்ணே."

அவர் துண்டால் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். கூட வருகிறேன் என்று சொல்லவில்லை.

ஆபரேஷன் முடிந்த ஒரு வாரத்தில் நர்ஸ், "வீட்டாளு யாரையாவது வரச் சொல்லுங்க, நட்டு திருகக் கத்துக் குடுக்கணும்," என்றாள்.

"எனக்கே சொல்லிக் குடுங்க சிஸ்டர். என் காலு எனக்கு எட்டும்."

கக்கத்தில் கட்டை வைத்து ராஜபாளையம் வந்து சேர்ந்தாள். காலை ஆறு, பதினொன்று, சாயங்காலம் நாலு, ஒன்பது. ஸ்பானரை எடுத்து ஒவ்வொரு நட்டாகத் திருகுவாள். திருகும்போது வலிக்காது. செத்த நேரம் கழித்துத்தான் கெண்டைக்காலைப் பிடித்து யாரோ கீழே இழுப்பதுபோல் இருக்கும். கம்பி நுழைகிற இடங்களைத் துடைத்துத் துணி சுற்றுவாள். பக்கத்து வீட்டு அழகுத்தாய் முதல் வாரம் தினமும் சோறு கொண்டுவந்தாள். ஒரு கம்பியடியில் சீழ் வைத்து வாடை அடித்ததும் சோற்றை நிலைப்படியில் வைத்துவிட்டுக் குரல் மட்டும் கொடுத்தாள். பிறகு அதுவும் குறைந்தது. பரிபூரணம் தரையில் உட்கார்ந்தபடியே ஸ்டவ்வில் சமைக்கப் பழகினாள்.

தவசிமுத்து ஒரு தடவை நாலு தேங்காயோடு வந்தார். வளையத்தைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எலும்புக்குள்ளயா கம்பிய விட்டிருக்கான்? ஊருக்கு வந்துரு, தாயி," என்றவர், அவள் வாய் திறப்பதற்குள், "ஒங்க மதினிதான் பயப்படுவா," என்றார்.

"இங்கனயே இருந்துக்கிடுதேன்ணே."

நாற்பதாவது நாள் மதுரையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், "அளவு வந்துருச்சு. இனிமே திருகக் கூடாது, எலும்பு கெட்டியாகட்டும்," என்று ஸ்பானரை வாங்கி வைத்துக்கொண்டார். மறுநாள் பதினொரு மணிக்கு அவள் கை தானாகத் துழாவியது. ஒன்றும் செய்வதற்கில்லை என்று நினைவு வந்ததும், ஆபரேஷன் ஆன நாளிலிருந்து அழாதவள் அன்றைக்கு அழுதாள். வளையத்தைக் கழற்ற இன்னும் ஐந்து மாதம் ஆனது. அதற்குப் பின் மாவுக்கட்டு, பிறகு மடங்காத கணுக்காலை மடக்கப் பழகியது என்று ஒரு வருடம் ஓடிவிட்டது.

மில்லுக்குத் திரும்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனாள். வரப்பில் அவள் வருவதைப் பார்த்து, கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு தவசிமுத்து கேட்டார்: "யாரும்மா அது? யாரைப் பாக்கணும்?"

"நாந்தாண்ணே."

அவருக்குக் கூச்சமாகிவிட்டது. சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தார். "வத்திராயிருப்புல ராக்கப்பன்னு ஒருத்தர். பொஞ்சாதி தவறிட்டா. ரெண்டு பிள்ளைய. இப்பதான் ஒனக்குக் காலும்..."

"எனக்கு முதுகு வலிக்கலண்ணே. அம்புட்டுதான் வேணும்," என்று அவள் மோரை ஊற்றிக்கொண்டாள்.

வெயில் தாழ்ந்ததும் கிளம்பினாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி ராஜபாளையம் பஸ் ஏறினால் நல்ல கூட்டம். அவள் ஏறினாலே யாராவது எழுந்து, "உக்காருக்கா," என்பது வழக்கம். அன்றைக்கு ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலிலும் பாரத்தைப் போட்டு, ராஜபாளையம் வரை நின்றே வந்தாள்.